நாற்றம் சான்றாகுமா? கடலூர் சிப்காட்டில் காற்றை அளக்கும் உரிமை

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டி, உப்பனாற்றின் கரைவரை நீண்டு கிடக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், வேதிப்பொருள் ஆலைகள் 1980களிலிருந்து இங்கு இயங்கி வருகின்றன. ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், காரைக்காடு, சங்கொலிக்குப்பம் எனப் பல ஊர்கள் ஆலைகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் இருக்கின்றன. மீனவர்களும் விவசாயக் கூலிகளும் தலித் மக்களும் இங்கு வாழ்கின்றனர். 2021 மே 13 அன்று இத்தொழிற்பேட்டையின் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தனர். 2025 மே 15 அன்று குடிகாட்டில் துணி பதனிடும் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

விபத்துகள் செய்தியாகின்றன. விபத்து நடக்காத நாள்களில் மக்கள் மூச்சிழுக்கும் காற்று செய்தியாவதில்லை. ஆனால் அந்தக் காற்றைப் பற்றி அறிவியல் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருக்கிறது. மக்களே காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். அரசின் ஆய்வு நிறுவனம் அளந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மதிப்பெண் இட்டது. இத்தனை அறிவும் ஏன் நீதியாக மாறவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வாளிக்குள் பிடித்த காற்று

2004ஆம் ஆண்டு ஊர்மக்கள் ஒன்றுசேர்ந்து 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற அமைப்பை உருவாக்கினர். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, எத்தகைய நாற்றம் வருகிறது, உடலில் என்ன தொல்லை தோன்றுகிறது என்று குறித்து வைத்தனர். அடுத்து காற்று மாதிரிகளைச் சேகரித்தனர். கருவி மிக எளிது. மூடியிட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. அதனுள் ஒரு சிறப்புப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றினால், வெளிக்காற்று பைக்குள் நிறையும். பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரிகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வகம் ஒன்றில் சோதிக்கப்பட்டன. 22 நச்சு வேதிப்பொருள்கள் இருப்பதும், அவற்றில் எட்டு புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்பதும் தெரியவந்தன. அபாயக் கழிவுகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழுவின் கவனம் இதன்பின் கடலூர்மீது திரும்பியது.

இந்த வாளி முறை 1995இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. லூசியானா மாநிலத்தின் நோர்கோ நகரில், ஷெல் நிறுவனத்தின் ஆலையை ஒட்டியிருந்த டயமண்ட் குடியிருப்பின் கறுப்பின மக்கள் இதைக் கையிலெடுத்தனர். மார்கி ரிச்சர்ட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வழிநடத்திய அப்போராட்டத்தின் விளைவாக, 2002இல் குடியிருப்பு முழுவதுக்கும் இடம்பெயர்வுக்கான இழப்பீட்டை அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த தெருவிலும் உப்பனாற்றங்கரையிலும் ஒரே வாளி பயன்பட்டது தற்செயலன்று. இரண்டு இடங்களிலும் மக்கள் வாயால் சொன்னதை எவரும் நம்பவில்லை.

இரவுக் காற்றும் சராசரி எண்ணும்

இரவில்தான் நாற்றம் மிகுதி என்று ஊர்மக்கள் சொல்வார்கள். ஆலைகள் இருட்டில் வாயுவைத் திறந்துவிடுகின்றன என்பது அவர்கள் ஐயம். அந்த ஐயம் ஒருபுறம் இருக்க, வளிமண்டல இயற்பியலும் அவர்கள் பக்கமே நிற்கிறது. பகலில் வெயில் தரையைச் சூடாக்கக் காற்று மேலெழுந்து கலக்கிறது. கடற்காற்று புகையை மேற்கே உள்நாட்டுக்குத் தள்ளுகிறது. இரவில் தரை குளிர, தரையை ஒட்டிய காற்று கனத்து அசைவின்றிப் படிகிறது. அதே அளவு வாயு வெளியானாலும் அது மேலே கரையாமல் தாழ்வாகத் தங்குகிறது. நிலக்காற்று அதை மெல்லக் கிழக்கே, ஆற்றங்கரையின் பக்கம் நகர்த்துகிறது. உறங்கும் மனிதரின் மூச்சு மட்டத்தில் அது நிற்கிறது.

அரசின் அளவீட்டு முறை இந்த இரவைப் பெரும்பாலும் சராசரிக்குள் மறைத்துவிடுகிறது. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் உச்சத்தைத் தொட்ட வாயு, 24 மணி நேரச் சராசரியில் சாதாரண எண்ணாகிவிடும். மேலும், 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகோல்களில் மொத்தம் 12 மாசுகளே உள்ளன. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் அப்பட்டியலில் இடம்பெற்றது பென்சீன் மட்டுமே. மருந்து, பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் கரைப்பான்களாகப் பயன்படும் மெத்திலீன் குளோரைடு, குளோரோஃபார்ம் போன்றவற்றுக்குச் சுற்றுப்புறக் காற்றில் வரம்பு இல்லை. வரம்பு இல்லாத ஒன்று வரம்பை மீறவும் முடியாது. 'காற்றின் தரம் அளவுக்குள் உள்ளது' என்று அதிகாரி சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஊர்மக்கள் மூச்சிழுப்பது அவருடைய பட்டியலில் இல்லை, அவ்வளவே.

'2000 மடங்கு' என்பதன் பொருள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேண்டுகோளின்படி, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமாகிய 'நீரி' இப்பகுதியின் காற்றை ஆய்ந்தது. 2008இல் அதன் முடிவு வெளியே தெரிந்தபோது, சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000 மடங்கு அதிகம் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. அன்று முதல் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் இந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த எண்ணை நாம் கவனமாகக் கையாள வேண்டும். இந்தியாவில் சராசரியாக ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு உள்ளது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேடுகள் தரும் மதிப்பீடு. அதைவிட 2000 மடங்கு என்பது கணக்கிலேயே இயலாதது. இத்தகைய இடர் மதிப்பீட்டில், காற்றிலுள்ள ஒவ்வொரு நச்சின் அளவையும் அதன் புற்றுநோய்த் திறனால் பெருக்கி, வாழ்நாள் முழுவதும் அக்காற்றை மூச்சிழுத்தால் கூடுதலாக எத்தனை பேருக்கு நோய் வரலாம் என்று கணிப்பர். அதைப் 'பத்து லட்சத்தில் ஒருவர்' என்ற ஏற்கத்தக்க வரம்போடு ஒப்பிடுவது வழக்கம். அந்த வரம்பை வைத்துப் பார்த்தால் 2000 மடங்கு என்பது ஆயிரம் பேரில் இருவர் கூடுதலாக நோயுறக்கூடும் என்றாகும்.

எண் சிறுத்துவிட்டதாகத் தோன்றலாம். ஆயினும் சட்டத்தின் முன் இதுவே வலிமையானது. மிகைப்படுத்திய கூற்றை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே குறுக்கு விசாரணையில் உடைத்துவிடுவார். அதோடு சேர்ந்து உண்மையும் உடையும். 'அரசு நிறுவனமே கணக்கிட்ட இடர், ஏற்கத்தக்க வரம்பைப் போல 2000 மடங்கு' என்பதை எவராலும் எளிதில் உடைக்க முடியாது. இக்கணக்கு நோயாளிகளை எண்ணிப் பெற்றதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஊர்வாரியாக நோயாளிகளை எண்ணும் பதிவேடு தனியே வேண்டும்.

அடுத்த ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழில் மையங்களுக்கு மாசுக் குறியீட்டு மதிப்பெண் வழங்கியது. 70க்கு மேல் பெற்றவை 'மிக மோசமாக மாசுபட்ட பகுதிகள்' எனப்பட்டன. கடலூரின் மதிப்பெண் 77.45. 2010 சனவரியில் இத்தகைய 43 பகுதிகளில் புதிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு செயல்திட்டங்கள் தாளில் எழுதப்பட, தடைகள் தளர்ந்தன.

யாருடைய முன்னிலையில்?

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, புகைபோக்கியிலிருந்து வாரிய அதிகாரி மாதிரி எடுக்கும் முறையை வகுக்கிறது. ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. குற்றம் சாட்டப்படுவோருக்கு இந்தப் பாதுகாப்பு தேவையே. ஆனால் இச்சட்டம் ஆலையின் முன்னிலையைக் கேட்கிறது. அக்காற்றை மூச்சிழுப்பவரின் முன்னிலையைக் கேட்கவில்லை.

வாளி மாதிரிகளை மறுக்க இப்பிரிவைக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது. அதிகாரி புகைபோக்கியில் எடுக்கும் மாதிரிக்கே இவ்விதி. ஊரின் பொதுக்காற்றைக் குடிமக்கள் அளப்பதை இது தடுக்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று என்று தெளிவாகச் சொல்கிறது. அத்தீர்ப்பாயம் தானாகவே ஒரு சிக்கலை விசாரணைக்கு எடுக்கலாம் என்பதை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் நாயுடு வழக்கில், அறிவியல் உறுதியின்மை இருக்கும் இடத்தில் தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலைமீதே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, நம் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியாகிவிட்டது.

சட்டம் இவ்வளவு சொன்னபின்னும், நடைமுறையில் மெய்ப்பிக்கும் சுமை கூலித்தொழிலாளியின் தோள்மேலேயே இருக்கிறது. காலவரம்பையும் பாருங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுகளே உண்டு. புற்றுநோய் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். நோயின் காலமும் சட்டத்தின் காலமும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

குறியீட்டில் இல்லாத சாதி

மாசுக் குறியீட்டில் நச்சின் தன்மைக்கு மதிப்பெண் உண்டு. பாதிக்கப்படக்கூடிய மக்களின் எண்ணிக்கைக்கும் உண்டு. அம்மக்கள் யார் என்பதற்கு இல்லை. அமெரிக்காவில் 1987இல் ஐக்கிய கிறித்தவத் திருச்சபை வெளியிட்ட ஆய்வு, நச்சுக் கழிவு மையங்கள் அமையும் இடத்தைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே வலுவான காரணி என்று காட்டியது. அஞ்சல் எல்லைவாரியாக இனக் கணக்கு இருந்ததால் அது இயன்றது.

நம்மிடமும் கணக்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் 29 விழுக்காட்டுக்கும் மேல். கிராமவாரி எண்களும் கிடைக்கின்றன. ஆனால் ஊரும் காலனியும் ஒரே கிராமமாகக் கூட்டப்படுவதால், எந்தக் குடியிருப்பு ஆலைச் சுவரை ஒட்டியிருக்கிறது என்பது அச்சராசரியில் மறைந்துவிடுகிறது. இரவின் உச்சம் நாளின் சராசரியில் மறைவது போலவே இதுவும். 2027 கணக்கெடுப்பில் சாதி இடம்பெற உள்ள நிலையில், குடியிருப்புவாரித் தரவை வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும்.

1927இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நிலைநாட்டியது பொது நீரில் நமக்குள்ள உரிமையை. இன்று ஆற்றில் இறங்க எவரும் தடுக்காமல் இருக்கலாம். இறங்கத்தக்க நீரா என்பதே கேள்வி. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின்கீழ்க் குற்றம். ஆலைக் கழிவுக்கு இதைப் பொருத்துவது எளிதன்று. யார், எந்த நீரை, எதற்குப் பயன்படுத்தினர் என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவைத் தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

செய்யத்தக்கவை

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் நான்கு வேலைகளை உடனே தொடங்கலாம். ஒன்று, நாற்றக் குறிப்பேடு: நாள், மணி, காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை, உடல் தொல்லை ஆகியவற்றை ஒரே படிவத்தில் தொடர்ந்து எழுத வேண்டும், மாதக்கணக்கில் பல கைகள் எழுதிய குறிப்பேட்டைத் தள்ளிவிடுவது கடினம். இரண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாரியத்திடம் சராசரிகளைக் கேட்காமல் மணிவாரி அளவீடுகளையும், ஆலைகளின் இசைவாணை நிபந்தனைகளையும் கேட்க வேண்டும். மூன்று, காற்றுச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்தபின் எந்தக் குடிமகனும் நேரடியாகக் குற்ற வழக்குத் தொடரலாம். அந்த அறிவிப்பே வாரியத்தைப் பதில் சொல்ல வைக்கும். நான்கு, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இக்கழிமுகங்களை நெடுங்காலமாக ஆய்ந்து வருகிறது. உப்பனாற்றின் வண்டலிலும் மீனிலும் உள்ள கன உலோகங்கள் பற்றிய கட்டுரைகள் ஆங்கில ஆய்விதழ்களில் உள்ளன. அவற்றைத் தமிழில் சுருக்கி, அம்மீனைப் பிடிப்பவர்களிடமும் வாங்கிச் சமைப்பவர்களிடமும் கொண்டுசேர்க்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் கூட்டு மாதிரி எடுப்பு, நச்சுக் கரைப்பான்களுக்குச் சுற்றுப்புறக் காற்று வரம்பு, அளவீடுகளைத் தமிழில் அன்றன்றே வெளியிடுதல், குடியிருப்புவாரி நோய்ப் பதிவேடு. இவை அனைத்தும் ஏற்கெனவே இருக்கும் சட்டங்களின் அதிகாரத்துக்குள் இயல்பவையே. 2004இல் மக்கள் பிடித்துத் தந்த காற்றுக்கு 2008இல் அரசு நிறுவனமே சான்று தந்தது. அதன்பின் கடந்த ஆண்டுகளுக்கு அறிவியல் பற்றாக்குறையைக் காரணம் காட்ட அரசுக்கு வழியில்லை.