செயலியை மட்டும் மாற்ற இயலுமா?

ஒரு யந்திரத்தில் ஓர் உறுப்புப் பழமையுற்றால், அவ்வுறுப்பை மட்டும் மாற்றி யந்திரத்தைத் தொடர்ந்து உபயோகிப்பது நம் நாட்டு மக்களின் நெடுநாளைய வழக்கம். சைக்கிளுக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் பொருந்தும் இவ்வழக்கம் கணினிக்கும் பொருந்துமா என்னும் கேள்வி இப்பொழுது வீடுகளிலும் பள்ளிகளிலும் எழுந்துள்ளது.

பெங்களூரில் டவுன் ஹாலுக்கு அருகிலுள்ள எஸ்.பி. சாலையில் கணினி உறுப்புகளை விற்கும் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. விளையாட்டுக்கென முழுமையாகக் கோத்து விற்கப்பட்ட மேசைக் கணினியை உடையவர், அதன் செயலியை மட்டும் மாற்ற விரும்பினால், அங்குச் சென்று புதிய செயலியை எளிதில் வாங்கலாம். ஆனால் அது தம் கணினியில் இயங்குமா என்பது கடையில் முடிவாவதன்று. அக்கணினி தயாரிக்கப்பட்டபொழுதே முடிவாகிவிட்ட விஷயம் அது.

இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய இரு கணினிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் தலைமுறை ரைசன் செயலியும், மற்றதில் இண்டெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறைச் செயலியும் உள்ளன. முதற் கணினியின் தாய்ப்பலகையில் உள்ளது ஏ.எம்.4 என்னும் சாக்கெட். பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் தக்க திருத்தம் வழங்கியிருப்பின், 2022-இல் வெளிவந்த ரைசன் செயலிகளையும் அப்பலகை ஏற்கும். இரண்டாம் கணினியின் சாக்கெட்டில் 1151 தொடுமுனைகள் உள்ளன. அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் தொடுமுனைகள் 1151 தாம். எனினும் முனைகளிற் சில மின்சாரம் செலுத்துவதற்கென மாற்றி ஒதுக்கப்பட்டமையாலும், புதிய சிப்செட் வேண்டியிருந்தமையாலும், பழைய பலகையில் புதிய செயலி இயங்குவதில்லை. எண்ணிக்கை ஒன்றாயிருப்பதைக் கண்டு வாங்கியவர் ஏமாந்தார்.

இவ்வேற்றுமையின் பலன் இன்று நன்கு புலப்படுகிறது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இண்டெல் வகையில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், ரைசன் வகையில் இரண்டாம் தலைமுறையும் அதற்கு மேற்பட்டவையுமே ஏற்புடையன. ஆகவே முதற் கணினிக்குச் செயலி ஒன்றை மாற்றினாற் போதும். இரண்டாவதற்குத் தாய்ப்பலகையையே மாற்றவேண்டும், அல்லது லினக்ஸ் போன்ற வேறோர் இயக்கத் தொகுதியை நாடவேண்டும். ஒரே ஆண்டில் வாங்கிய இரு கணினிகளின் கதி இவ்வாறு வேறுபடும் என்பதை வாங்கியவர் எவரும் அன்று அறிந்திலர்.

சாக்கெட் பொருந்தினும் மின்சக்தியும் உஷ்ணமும் எஞ்சி நிற்கின்றன. ஏ.எம்.4 வகையில் 65 வாட் எனக் குறிக்கப்பட்ட செயலி 88 வாட் வரையிலும், 105 வாட் எனக் குறிக்கப்பட்டது 142 வாட் வரையிலும் மின்சக்தி பெறக்கூடும். கோத்து விற்கப்படும் கணினியில் மின்வழங்கியும் குளிர்விக்கும் விசிறியும் பெரும்பாலும் முதற் செயலியின் அளவிற்கே அமைக்கப்படுகின்றன. அவற்றை மாற்றாமல் வலிய செயலியைப் பொருத்தினால், அது சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். செலவிட்ட பணம் வீணாகும்.

விற்போர் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. கணினி முழுவதற்கும் பொறுப்பேற்பவர் தாமாதலின், பிறர் கைவைப்பதை விரும்போம் என்பர். பொறுப்பேற்பது வேறு, விவரத்தை மறைப்பது வேறு. சாக்கெட்டும் சிப்செட்டும் எவை, பயாஸ் ஏற்கும் செயலிகள் எவை, மின்வழங்கியின் வாட் எவ்வளவு, குளிர்விப்பானின் தாங்குதிறன் எவ்வளவு என்னும் நான்கு விவரங்களையும் பெட்டியின் மீதே அச்சிட வேண்டுமென்பது எமது கருத்து. பழுதுபார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத்துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கழிவானதைச் சேகரிப்பதினும், கழிவாகாமற் காப்பது மேலன்றோ?

பள்ளிக்குக் கணினி வாங்கும் பொறுப்புடைய ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மேற்கூறிய நான்கு விவரங்களையும் விலைப்புள்ளி கோரும்பொழுதே எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும். செயலியை மாற்றுமுன், குறை செயலியிலேயே உள்ளதா என்பதையும் சோதித்தல் நன்று. விளையாட்டின் படத் துல்லியத்தைக் குறைத்துப் பார்க்கையில், வினாடிக்குத் தோன்றும் படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால் தடை வரைகலை அட்டையில் உள்ளது. உயராவிடின் பெரும்பாலும் செயலியில் உள்ளது. இச்சோதனையை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். அளந்து அறிந்தபின் செலவிடும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றுமானால், அதனால் விளையும் நன்மை கணினியோடு நிற்பதன்று.