மறுத்து எழுதுவோருக்கு

சென்ற இதழில் வெளியான ஒரு கட்டுரை, இலங்கை முஸ்லிம்களைத் தமிழரின் ஒரு பிரிவாகக் கணக்கிடுவது தவறு என்று வாதிட்டிருந்தது. எழுதியவர் கண்டி மாவட்டத்து முஸ்லிம், தமிழாசிரியர். நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரு சிற்றிதழுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? என்றாலும் எல்லாவற்றையும் படித்து முடித்தபோது மனம் கனத்துப் போனது. வாதத்துக்குப் பதில் எழுதியவர்கள் சிலர்தான். மற்றவர்களின் கோபமெல்லாம் ஆளின் மேலேயே இருந்தது. தமிழில் படிப்பித்துப் பிழைத்துக்கொண்டு இப்படி எழுதலாமா, இவருக்கெல்லாம் ஏன் பக்கம் கொடுக்கிறீர்கள், இவர்களே இப்படித்தான் என்று எழுதியிருந்தார்கள். கட்டுரையின் முடிவில் எங்களில் பலருக்கும் உடன்பாடில்லை. அதனாலேயே இதை நாங்கள் எழுத வேண்டியிருக்கிறது.

இது பழைய வழக்கு. 1888 ஏப்ரலில் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஆங்கிலத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். மொழி, வரலாறு, வழக்கங்கள், உடல் தோற்றம் என்று சான்றுகளை அடுக்கி, சோனகர் மதத்தால் முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று முடித்தார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. சோனகரும் அந்த ஓர் ஆசனத்துக்குள்தான் அடங்கியிருந்தார்கள். மறு ஆண்டே, 1889இல், முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்தது. ஆராய்ச்சியோடு ஆசனமும் சேர்ந்தே மேடையேறியது என்ற சந்தேகம் முஸ்லிம்களிடம் இன்றுவரை இருக்கிறது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு.

அதற்காக இராமநாதனின் சான்றுகள் பொய்யென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியக் கரையோடு சோனகருக்கு இருந்த உறவு, அவர்களின் வீட்டுமொழி, கலியாணச் சடங்குகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதினார். அதில் அவர் வலியுறுத்திய அரபு வம்சக் கதையை இன்றைய வரலாற்றாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அந்த மறுப்பின் அடித்தளம் அசையவில்லை. ஒருவர் பேசும் மொழியை வைத்து அவருடைய இனத்தைத் தீர்த்துவிட முடியாது. இராமநாதன் வைத்த வாதத்தை எடுத்து அதற்கு எதிர்வாதம் வைத்தார் அஸீஸ். ஒரு சமூகத்தைப் பற்றிப் பிறர் மேடையில் சொல்லப்பட்ட தீர்ப்புக்கு அச்சமூகத்தின் குரலில் இப்படி ஒரு முழு நூல் வர 19 ஆண்டுகள் ஆயின.

இத்தனைக்கும் இராமநாதன் கேட்டிருந்தால் பதில் சொல்லக்கூடியவர் இந்தக் கண்டியிலேயே பிறந்திருந்தார். சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழ்ப் பத்திரிகை. 1885இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பேசப்படுகிறது. நவீனக் கல்வி வேண்டும், பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொன்னதற்காகத் தம் சமூகத்தாரிடமே எதிர்ப்பைச் சம்பாதித்தவர் அவர். கருத்து வேறுபாடு எவ்வளவு வலிக்கும் என்பதை அனுபவித்தவர். தமிழை அவர் நேசித்ததற்கு அத்தாட்சி தேவையில்லை. அந்த நேசத்தையே எடுத்து, ‘ஆகவே நீ நாங்கள் சொல்லும் ஆள்தான்’ என்று அவர் கையில் திணிப்பது என்ன மரியாதை?

1915 சிங்கள - முஸ்லிம் கலவரத்தைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். கம்பளையில் வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டுமா என்பது தகராறு. இரு பக்கத்துக்கும் உண்மையான மனக்குறை இருந்தது. 1815 கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைக் கொண்டு மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் 1914இல் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28 வெசாக் இரவில் கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே தொடங்கிய கலவரம் நாட்டின் பல மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன. இராணுவச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் சபையில் அஞ்சாமல் வாதாடினார். அந்தத் துணிவை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வாதத்தில் முஸ்லிம்கள் கலவரத்துக்குக் காரணமானவர்களாகவே பெரிதும் வந்தார்கள். கடை எரிந்தவனின் துயரம் அங்கே சிறுத்துப் போனது. 1888இல் ‘நம்மவர்’ என்று சொந்தம் கொண்டாடப்பட்டவர்களுக்கு 27 ஆண்டுக்குப் பின் நேர்ந்தது இது.

எங்களுக்கு வந்த கடிதங்களில் ஒன்று இதைத்தான் இன்னும் கூர்மையாகச் சொன்னது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களும் தமிழரே என்று வழிமறித்து நின்றவர்கள் எத்தனை பேர் என்று ஒரு முஸ்லிம் வாசகர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆகவே, சொந்தம் பாராட்டும் உரிமையை வாதத்தில் மட்டும் எடுத்துக்கொள்ள நமக்குக் கூச்சம் இருக்க வேண்டும்.

தெல்தெனியவை அடுத்த போப்பிட்டியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரை, அப்படிச் சொந்தம் பாராட்டும் கண்டித் தமிழரே மறந்திருக்கலாம். எஸ்.எம். ஹனிபா கல்ஹின்னையில் தமிழ் மன்றம் அமைத்து எத்தனையோ தமிழ் நூல்களை அச்சேற்றியதும் பலருக்கு நினைவில் இல்லை. 2018 மார்ச்சில் அதே தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு முன் நாட்கணக்காக முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடியவற்றில் வாதம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ‘இவர்களே இப்படித்தான்’ என்பதுதான் சிங்களத்தில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. அதே வாக்கியம் தமிழில், நம் வாசகர் கையெழுத்தில், எங்கள் மேசைக்கு வந்தபோது நாங்கள் பதறினோம்.

ஆகவே எங்கள் முடிவு இது. கட்டுரையை மறுக்கும் கடிதம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் வெட்டாமல் போடுவோம். இராமநாதனின் வாதத்தை இன்றைய சான்றுகளோடு மீண்டும் நிறுவ விரும்புபவர்களுக்கு எட்டுப் பக்கம்வரை ஒதுக்குகிறோம். கட்டுரையாளரின் பிறப்பையும் பிழைப்பையும் இழுக்கும் கடிதங்கள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும். அவர் விரும்பினால் திருத்தி மறுபடி அனுப்பலாம். ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு மறுப்பும் அச்சுக்குப் போகுமுன் கட்டுரையாளரின் பார்வைக்குப் போகும். அவருடைய பதில் அதே இதழில், அதே எழுத்தளவில் வரும். அதற்காக அடுத்த இதழ் இரண்டு வாரம் தாமதித்து வெளிவரும்.