ரசிகனிடம் மறைக்காதீர்கள்!

ரசிகன் என்றால் யார்?

சீட்டு வாங்குவான். மைதானத்துக்கு வருவான். கை தட்டுவான். வீட்டுக்குப் போவான். அவ்வளவுதானா?

"அவ்வளவுதான்" என்று நினைத்த ஒரு பல்கலைக்கழகம் பட்ட பாடு கொஞ்சம் அல்ல! அது எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரு பாடம்.

அமெரிக்காவின் தென் பகுதியில் அலபாமா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே உள்ள பெரிய நகரம் பர்மிங்காம். இரும்பு ஆலைகளால் வளர்ந்த ஊர் அது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் இந்தச் சம்பவம் நடந்தது.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்றால் ஊரே திரண்டு வரும். தாத்தா படித்த கல்லூரிக்குப் பேரன் கொடி பிடிப்பான். கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட "எங்கள் கல்லூரி" என்று உரிமை கொண்டாடுவார்கள்.

அங்கே பெரும் கூட்டம் கூடுவது அமெரிக்கக் கால்பந்துக்கு. பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர்.

மூன்றே நாளில்

பர்மிங்காம் பல்கலைக்கழக அணி 2013-ம் ஆண்டில் 2 ஆட்டங்களில்தான் வென்றது. மறு ஆண்டு பில் கிளார்க் என்ற புதிய பயிற்சியாளர் வந்தார். அணி நிமிர்ந்தது. 2014-ல் 6 வெற்றிகள்! ரசிகர்கள் மகிழ்ந்து போனார்கள்.

இதற்கு நடுவே ஒரு வதந்தி கிளம்பியது. "அணியைக் கலைக்கப் போகிறார்களாம்" என்று ஊரில் பேச்சு. பழைய ஆட்டக்காரர்கள் நிர்வாகத்தைக் கேட்டார்கள். தெளிவான பதில் இல்லை. "ஆராய்ந்து வருகிறோம்" என்பதோடு சரி.

நவம்பர் 29-ந் தேதி கடைசி ஆட்டம். அதிலும் வெற்றி.

டிசம்பர் 2-ந் தேதி இடி விழுந்தது. "கால்பந்து அணி கலைக்கப்படுகிறது" என்று பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் அறிவித்தார்.

"விளையாட்டுக்கு ஏற்கனவே ஆண்டுக்கு 2 கோடி டாலர் உதவி செய்கிறோம். கால்பந்தையும் வைத்துக்கொண்டால், 5 ஆண்டில் இன்னும் 4 கோடியே 90 லட்சம் டாலர் தேவைப்படும்" என்பது நிர்வாகம் காட்டிய காரணம்.

ஆட்டக்காரர்கள் அழுதார்கள். தலைவரின் முகத்துக்கு நேரே நின்று கேள்வி கேட்டார்கள். அந்தக் காட்சியை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். நாடு முழுவதும் அது பரவியது.

கொதித்தது ஊர்

பிறகு என்ன நடந்தது?

ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். "நிர்வாகத்தின் கணக்கு தப்பு" என்று வாதாடினார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் பேரவையே தலைவர் மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டது.

ரசிகர்கள் கோஷத்தோடு நின்றுவிடவில்லை. பணம் திரட்டினார்கள். வியாபாரிகள் கொடுத்தார்கள். பொதுமக்கள் கொடுத்தார்கள். 1 கோடியே 70 லட்சம் டாலர் அளவுக்கு வாக்குறுதி வந்து குவிந்தது!

நிர்வாகம் இறங்கி வந்தது. 2015-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, "அணி மீண்டும் வரும்" என்று அதே தலைவர் அறிவித்தார். கலைத்து 6 மாதம்தான் ஆகியிருந்தது.

முன்பே கேட்டிருந்தால்?

இங்கேதான் யோசிக்க வேண்டும். கலைத்த பிறகு கொட்டிய பணத்தைக் கலைப்பதற்கு முன்பே கேட்டிருக்கலாமே! ஏன் கேட்கவில்லை?

பணமுடை வருவது குற்றம் அல்ல. படிப்புக்குத்தான் முதல் இடம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், அதையும் குறை கூற முடியாது. ஆனால் முடைப்பட்டதை மூடி மறைத்ததுதான் குற்றம்.

"அதிர்ச்சி கொடுத்ததால்தான் பணம் வந்தது. முன்பே கேட்டிருந்தால் ஒருவரும் மடியை அவிழ்த்திருக்க மாட்டார்கள்" என்று சிலர் சொல்லலாம்.

அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்த அணி ஆடிய மைதானத்தில் 70 ஆயிரம் பேர் உட்காரலாம். ஆனால், அதற்கு முந்திய ஆண்டுகளில் பாதி இடம்கூட நிரம்பவில்லை. "என் அணி" என்று மார்தட்டுகிறவன், தோற்கும் நாளிலும் வர வேண்டும். அது ரசிகனின் கடமை.

ஆனால் அந்த அதிர்ச்சிக்குக் கொடுத்த விலை என்ன? 2015, 2016 ஆகிய 2 ஆண்டுகள் அணி களம் இறங்கவே முடியவில்லை. அங்கே படிக்க வந்த ஆட்டக்காரர்களில் பலர் மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் போனது போனதுதான். பணம் திரும்பி வரும். இளமைக் காலம் திரும்பி வருமா?

கூப்பிட்டால் வருவான்

ரசிகனைக் கூப்பிட்டால் வருவான் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

1922-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி. டல்லாஸ் நகரில் டெக்சாஸ் ஏ அண்டு எம் கல்லூரி அணி ஆடியது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் காயம் அடைந்தார்கள். மாற்று ஆள் இல்லாமல் போய்விடுமோ என்று பயிற்சியாளர் டானா பைபிள் பயந்தார்.

கிங் கில் என்ற மாணவர் மேலே இருந்து ஆட்டம் பார்த்துக்கொண்டு இருந்தார். முன்பு அந்த அணியில் இருந்தவர். பயிற்சியாளர் அவரைக் கூப்பிட்டார். கில் ஓடி வந்தார். காயம் அடைந்தவரின் உடையை வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை மைதான ஓரத்தில் தயாராக நின்றார்.

அவர் களம் இறங்கத் தேவைப்படவில்லை. 22-14 என்ற கணக்கில் கல்லூரி வென்றது. ஆனால் "12-வது ஆள்" என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றும் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். "கூப்பிடுங்கள், தயார்" என்பது அதன் பொருள்.

பயிற்சியாளர் தன் கஷ்டத்தை மறைக்கவில்லை. வெட்கப்படாமல் உதவி கேட்டார். அதனால் 100 ஆண்டு கடந்தும் நிலைக்கும் உறவு கிடைத்தது.

மறுபடியும் அதே தவறு

பர்மிங்காம் பட்டதைப் பார்த்து மற்றவர்கள் திருந்தினார்களா?

2020-ம் ஆண்டு ஜூலையில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் தன்னுடைய 36 விளையாட்டு அணிகளில் 11 அணிகளை நிறுத்தப்போவதாகத் திடீர் என்று அறிவித்தது. பழைய மாணவர்கள் ஒன்று சேர்ந்து போராடினார்கள். 2021 மே மாதம் அந்த முடிவு கைவிடப்பட்டது. பணக்காரப் பல்கலைக்கழகத்திலும் அதே கதைதான்!

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை ரசிகர்களைக் கூட்டி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று புரியும்படி சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால், முடிவு எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். "இத்தனை மாதத்துக்குள் இவ்வளவு பணம் வராவிட்டால் அணி இருக்காது" என்று தேதி குறித்துக் கேட்க வேண்டும். அப்படியும் பணம் வராவிட்டால், அணியை நிறுத்தினாலும் ஒருவரும் பழி சொல்ல முடியாது.

2017-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி பர்மிங்காம் அணி மீண்டும் களம் இறங்கியது. 45 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 38-7 என்ற கணக்கில் வெற்றி! மறு ஆண்டு தன் பிரிவில் சாம்பியன் பட்டமும் வாங்கியது. "வேண்டாம்" என்று கலைக்கப்பட்ட அணி அது!

வீட்டில் பணம் இல்லாதபோது, பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லும் தகப்பன் உண்டு. பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். தங்கள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் வீட்டை விற்றுவிட்டு வந்து நிற்கும் தகப்பனை எந்தப் பிள்ளை மன்னிக்கும்?