அப்பா பேரில் நெட்... அடுத்தவர் கையில் பாஸ்வேர்டு!

"மச்சி, உங்க வீட்டு வை-ஃபை பாஸ்வேர்டு சொல்லுடா!"

கம்பைன் ஸ்டடிக்கு வரும் நண்பன் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிற கேள்வி இது. குடிக்கத் தண்ணீர்கூட அப்புறம்தான். நாமும் கர்ணன் பரம்பரையாச்சே... உடனே சொல்லிடுவோம்.

ஒரு நிமிஷம் ஃப்ரெண்ட்ஸ்!

2008 ஜூலை 26. ஆமதாபாத்தில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில். அதன் ஐ.பி. முகவரியைத் துரத்திய போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டில்! பூட்டாமல் கிடந்த அவருடைய வை-ஃபையில் யாரோ புகுந்து மெயில் அனுப்பியிருந்தார்கள். மனிதர் விசாரணையில் உட்கார வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே மும்பையில் ஒரு கல்லூரியின் வை-ஃபை வழியாகவும் இதே மாதிரி ஒரு மெயில் போனது.

மேட்டர் சிம்பிள். உங்க ரூட்டரில் பத்துப் பேர் தொற்றிக்கொண்டாலும், வெளியே தெரிவது பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரிதான். கனெக்‌ஷன் யார் பேரில்? மாசாமாசம் பில் கட்டுற அப்பா பேரில். கதவைத் தட்டினால் முதலில் திறக்கப்போவதும் அவர்தான்.

"என் ஃப்ரெண்டு நல்லவன் சார்!" இருக்கட்டும். பாஸ்வேர்டு அவனோட நிற்குமா? அவன் போனில் 'ஷேர்' தட்டினால் கியூ.ஆர். கோடு வரும். இன்னொருத்தன் ஸ்கேன் பண்ணினால் அவனும் உங்க வீட்டுப் பிள்ளை! உள்ளே வந்தவன் பிரின்டர், கேமரா, ஷேர் செய்த ஃபோல்டர் என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கலாம். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், வீட்டுச் சாவிக்கொத்தே அவன் இடுப்பில்.

அதுக்காக நட்பை முறிச்சுக்கணுமா? வேண்டாம். பல ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒரு வசதி இருக்கு. தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. விருந்தாளி திண்ணையோடு நிற்பார், பீரோ வரை வரமாட்டார். ஆனால் ஒன்று... கெஸ்ட் வழியாகப் போனாலும் ஐ.பி. அப்பாவோடதுதான். அதனால் பரீட்சை முடிஞ்சதும் அந்த பாஸ்வேர்டை மாத்திடுங்க. பழைய ஆட்கள் எல்லாரும் தானாகக் கழன்றுகொள்வார்கள். அப்படியே அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க. செட்டிங்கில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்கான்னு பாருங்க.

எல்லாம் பத்து நிமிஷ வேலை. அடுத்த வாட்டி மச்சி வந்தா, முதல்ல தண்ணி கொடுங்க. பாஸ்வேர்டு அப்புறம்!