பெயர்ப்பலகையோடு நின்றுவிட்ட தமிழ்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,

தாங்கள் அட்டன் புகையிரத நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள் என்றே நம்புகிறேன். 1867இல் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் தொட்ட பாதை, பத்து ஆண்டுகள் மலையோடு மல்லுக்கட்டி 1884இல் அட்டனுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே நானுஓயாவை எட்டியது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. கொழுந்து தேயிலையாகிப் பெட்டியில் அடைபட்டுத் துறைமுகத்துக்கு இறங்கக் கோச்சி வேண்டியிருந்தது. அந்தப் பாதைக்குக் கல்லுடைத்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் எங்கள் முன்னோர் இருந்தார்கள். மன்னாரில் கரையேறி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த வம்சம் அது. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் எங்களில் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியபோது, இதே மேடைகளிலிருந்துதான் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று எங்கள் மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். போனவர்களை வழியனுப்பிவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

எங்களுக்கும் ஒரு வாக்குறுதி தரப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மறு ஆண்டு வந்த 16ஆவது திருத்தம், அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை விரித்துரைத்தது. அதை எழுத்துக்கு எழுத்து நம்பினோம். இன்றும் நம்புகிறோம், நம்பாதவன் தங்களுக்கு மடல் எழுதமாட்டான்.

சென்ற ஆண்டு, மலையகப் பாதையில் ஒரு நிலையம். அங்குள்ள ஊழியரைக் குற்றவாளியாக்க விரும்பாததால் பெயரைச் சொல்லவில்லை. கண்டியில் கிளினிக்குக்குப் போகவேண்டிய அம்மாயியை வாங்கில் உட்கார்த்திவிட்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். கோச்சி வேறு மேடைக்கு வருவதாகச் சிங்களத்தில் அறிவித்தார்கள், ஆங்கிலத்திலும் சொன்னார்கள். நான் ஓடிவந்தபோது கோச்சி நகர்ந்துகொண்டிருந்தது. “என்னமோ சொன்னாங்கப்பா, எனக்கு வெளங்கல” என்றார். அவர் தலைக்கு மேலே, பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் அழகான தமிழில் இருந்தது. அம்மாயிக்கு எழுத்துத் தெரியாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

அதைப் பற்றி ஓர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதினேன். ஏழு மாதம் பொறுத்திருந்தேன். பதில் சிங்களத்தில் வந்தது. பக்கத்துக் கடைக்கார ஐயா பொறுமையாக வாசித்துச் சொன்னார்: கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாம்.

ஆளணிப் பற்றாக்குறையைத் தாங்கள் காரணமாகச் சொல்லக்கூடும். அது பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அட்டனிலும் தலவாக்கலையிலும் உயர்தரம் சித்தியடைந்து, இரு மொழியும் பேசி, வேலையின்றிக் கொழும்புக் கடைகளுக்குக் கோச்சி ஏறும் பிள்ளைகளைத் தங்கள் நிலையங்களே தினமும் பார்க்கின்றன. பதிவுசெய்த தமிழ் அறிவிப்புக்கோ புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் கையில் இருக்கிறது.

அம்மாயிக்கு அடுத்த மாதம் மறுபடி கிளினிக். அதே நிலையத்துக்குத்தான் கூட்டிவருவேன். கோச்சி எந்த மேடைக்கு வருகிறது என்று அன்றைக்கு அவருக்குத் தமிழில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
அட்டன் பாதையின் நெடுநாள் பயணி