மலைக்குப் போகும் தெரு

மதுரையைச் சுற்றி நாலா பக்கமும் சிறு குன்றுகள். மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை, வடக்கே அழகர்மலைச் சரிவில் கிடாரிப்பட்டி, மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. எதற்கும் கயிறோ தனிப் பயிற்சியோ வேண்டாம். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். 2010 முதல் பசுமை நடை அமைப்பினர் நகரத்து மக்களை இந்த இடங்களுக்கு அழைத்துச் சென்று வரலாறு சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம். காலனிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளும் இந்த மலைகளில் காலார நடக்க வேண்டும் என்கிறோம். அவர்களுக்கு மலை தடையில்லை. மலைக்குப் போகும் தெருதான் தடை.

முதலில் மலையைப் பார்ப்போம். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில். பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். வயதானவர்களும் நிதானமாக ஏறலாம். மேலே பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டித் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக் குகை. தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

கிடாரிப்பட்டிக் குகைத்தளம் அதைவிடப் பழையது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் துறவிகளுக்குக் கற்படுக்கை கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே தமிழ் பிராமியில் உள்ளன. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன். உப்பு விற்றவரும், ஏர்க்கொழு விற்றவரும், துணி விற்றவரும் செய்யும் தொழிலைச் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பாறைக்கு இன்று போகும் நம் பையனிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: “எந்த ஊரு? அங்கே எந்தத் தெரு?”

கேமராவோடு காரில் வருகிறவரிடம் இந்தக் கேள்வி வருவதில்லை. பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து இரண்டு நண்பர்களோடு நடந்து வருகிறவனிடம்தான் டீக்கடையில் கேட்கிறார்கள். தெருவின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் சும்மா நடந்தாலும் ‘இங்கே என்ன வேலை’ என்கிறார்கள். வேலை நிமித்தம் நடப்பதை நம் கிராமங்கள் பொறுத்துக்கொள்ளும். சந்தோஷத்துக்காக நடப்பதைத்தான் திமிர் என்று சொல்லும். எளிய பாதை என்றால் செங்குத்து இல்லாத பாதை என்று நகரத்தில் நினைக்கிறார்கள். நமக்கு, யாரும் மறித்து நிறுத்தாத பாதைதான் எளிய பாதை.

இது பழங்கதை இல்லை. நம் மாவட்டத்தில் எழுமலை அருகே உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறக்க 2008 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், ஒரு தெருவில் தலித் மக்கள் முதன்முதலாகக் காலில் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில். பொதுச் சாலையில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து அப்போது 99 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். சாலை, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டப் பிரிவு 15(2). வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்துக்குப் பின் பொது வளங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, பாதையில் மறிப்பது, பொது இடத்தில் செருப்பு அணியவோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவோ விடாமல் செய்வது எல்லாம் தெளிவாகவே குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை.

நிர்வாகத்திடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. பாறைச் சிற்பங்களுக்குத் தகவல் பலகை வைப்பதுபோல, ஊர் எல்லையிலிருந்து மலை வரை உள்ள வழி அனைவருக்கும் பொது என்றும் பலகை வையுங்கள். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது காலனி இளைஞர்களையும், பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிகள் நடைப்பயணம் நடத்தும்போது ஒரு முறையாவது காலனியிலிருந்து புறப்பட்டு ஊர்த் தெரு வழியாகப் போகட்டும். பேராசிரியரும் கூடவே நடந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பத்து முறை அப்படிப் போனால் அதுவே வழக்கமாகிவிடும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் அரிட்டாபட்டியை நினைத்துக்கொள்ளட்டும். 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர் வட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. மலையைக் காப்பாற்ற ஒரே சாலையில் சேர்ந்து நடக்க முடிந்தது. காப்பாற்றிய மலைக்குப் போகிற தெருவிலும் அப்படியே நடக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.