பாம்புக்கு வீடு தேடிய படலம்

பெண்ணுக்கு வரன் தேடுவார்கள். குடியிருக்க வீடு தேடுவார்கள். ஒரு பாம்புக்கு வீடு தேடி மதுரை நகரத்தில் ஒருவன் அலைந்த கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன். அலைந்தவன் நானல்ல, என் அக்கா மகன்.

மாப்பிள்ளைக்குப் பகலில் கணக்கு எழுதும் உத்தியோகம். ராத்திரி சாப்பாடு ஆனதும் படம் வரைய உட்கார்ந்துவிடுவான். வர்ணக் கிண்ணமும் தூரிகையும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலேட்டு மாதிரி ஒரு கருவி, அதன் மேல் ஓட்டுவதற்கு ஒரு குச்சி. அவ்வளவுதான் அவன் சித்திரசாலை. வரைந்ததை இன்ஸ்டாகிராமில் போடுவான். தல்லாகுளத்தில் வரைந்த படத்தை எங்கோ கண்காணாத தேசத்தில் ஒருவர் பார்த்து, 'பேஷ்!' என்று எழுதுவார். சிலர் தங்கள் வீட்டு நாய், பூனையின் போட்டோவை அனுப்பி, வரைந்து தரச் சொல்வதும் உண்டு. காபிச் செலவுக்குக் கட்டும்.

அப்படி ஒரு நாள் வந்த போட்டோவில் இருந்தது நாயுமல்ல, பூனையுமல்ல. ஏழடி நீளத்தில் சுருண்டு கிடந்த 'போவா' என்ற பாம்பு! தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. விஷமில்லாதது, நம் மலைப்பாம்பைப் போல இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும் ரகம். அனுப்பியவர் வைகைக்கு வடகரையில், நம்மூரிலேயே இருப்பவர். நாலு வருஷத்துக்கு முன் ஒன்றரை அடிக் குட்டியாக வாங்கினாராம்.

மாப்பிள்ளை பத்து ராத்திரி கண்விழித்து அதை வரைந்தான். செதில் செதிலாக வரைந்தான். படத்தைப் பார்த்த என் அக்காவே, "அட, பாம்புக்கும் ஒரு லட்சணம் இருக்கத்தான் செய்கிறது" என்றாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து அந்த மனிதரிடமிருந்து சேதி வந்தது. வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. பாம்பை அழைத்துப்போக முடியாது. 'இவ்வளவு அன்பாக வரைந்திருக்கிறீர்களே, நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன்' என்று எழுதியிருந்தார்.

"அது வாசல் வழியாக உள்ளே வந்தால் நான் கொல்லை வழியாக வெளியே போய்விடுவேன்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. இந்த ஜாதிப் பாம்புகள் வளர்ப்பில் இருபது வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். எலி வாங்கிப் போடவேண்டும். கூண்டுக்குள் சூடும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டியை வாங்குகிற அன்றைக்கு யார் இருபது வருஷத்தை எண்ணிப் பார்க்கிறார்கள்?

நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனுஷனாக லட்சணமாக ஒரு யோசனை சொன்னேன். "இதற்கா இத்தனை கவலை, மாப்பிள்ளை? மேற்கே நாகமலை நீளமாகக் கிடக்கிறது. பாண்டியன் அம்பு பட்டு விழுந்த நாகமே மலையாயிற்று என்று புராணம் சொல்கிறது. அந்த அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல். பாம்பு பாம்போடு சேரட்டும்."

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, அமெரிக்காக்காரர்களும் இதே யோசனையைத்தான் செய்தார்கள். அதைச் சரிப்படுத்த நம் தமிழ்நாட்டிலிருந்து ஆள் போகவேண்டி வந்தது, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. அவன் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தென்கோடியில் ப்ளோரிடா என்று ஒரு மாகாணம். அங்கே பர்மா தேசத்து மலைப்பாம்பை ஆசையாக வளர்த்தவர்கள், அது பெருத்ததும் எவர்க்ளேட்ஸ் என்ற சதுப்புக் காட்டில் விட்டார்கள். வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து தப்பியவையும் சேர்ந்துகொண்டன. ஒரு பெண் பாம்பு ஒரு தடவையில் ஐம்பது முட்டைக்கு மேலும் இடும். விளைவு என்ன? 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, மலைப்பாம்பு பெருகிய பகுதிகளில் ரக்கூன் என்ற பிராணி கண்ணில் படுவது நூற்றுக்கு 99 பங்கு குறைந்துவிட்டது.

அந்தப் பாம்புகளைக் கண்டுபிடிப்பது லேசல்ல. காலடியில் கிடந்தாலும் புல்லும் சேறுமாகத்தான் தெரியும். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போனார்கள். அடிச்சுவட்டையும், உரித்த சட்டையையும், எச்சத்தையும் பார்த்தே இடம் சொல்லும் கெட்டிக்காரர்கள். முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவர்களை அழைத்துச் சென்ற ராமுலஸ் விட்டேகருக்கும் நம் பக்கத்துச் சம்பந்தம் உண்டு. அன்றைய மதுரை ஜில்லாவிலிருந்த கொடைக்கானலில் படித்தபோது, பள்ளி விடுதியில் கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பை வைத்து வளர்த்த பையன் அவர். பிற்பாடு 1969-ல் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்படவும் பாடுபட்டார். அவரைப் பார்த்து இன்று யாரும் கட்டிலுக்கு அடியில் பாம்பு வளர்க்கக் கிளம்பிவிடக் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்துக்கொண்டால் சிறைவாசம்தான்.

"சரி அப்பா, இது ஒற்றைப் பாம்புதானே? துணையில்லாமல் எப்படிப் பெருகும்?" என்று நானும் விடாமல் கேட்டேன்.

"போவா முட்டையிடாது மாமா, குட்டி போடும். ஆண் துணையே இல்லாமல் ஒரு பெண் போவா குட்டி போட்டதை 2010-ல் நிரூபித்திருக்கிறார்கள்" என்றான். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. பெருகாவிட்டாலும் பாவம்தான். கூண்டில் பிறந்து, கையால் கொடுத்த எலியைத் தின்று வளர்ந்த ஜீவன், கரட்டுக் காட்டில் என்ன செய்யும்? பட்டினியால் சாகும், அல்லது தன் மேலுள்ள நோயை நம் பாம்புகளுக்குக் கொடுக்கும், அல்லது ஆடு மேய்க்கிறவர் தடியால் அடிபடும்.

பின்னே, வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே என்கிறீர்களா? அதிலும் ஒரு முடிச்சு. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்தன. போவா போன்ற, சர்வதேச உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர், மத்திய சர்க்காரின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தார்கள். கை மாறினாலும், குட்டி போட்டாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். நம் மனிதர் பதிவே செய்யவில்லை! விற்றவன் ரசீதும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பான்? 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. இந்த வியாபாரத்தின் லட்சணம் அப்படி.

மாப்பிள்ளை ஒரு வாரம் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தான். வன இலாகாவுக்குப் போனால் மாட்டிக்கொள்வோமோ என்று அவருக்குப் பயம். "நீங்கள் செய்த தப்புக்கு அது எங்கேயோ கிடந்து சாகவேண்டுமா, அண்ணே?" என்று இவன் கேட்டானாம். அந்த ஒரு கேள்விக்கு அவர் தலைகுனிந்தார். மறுநாள், நடந்ததை நடந்தபடியே மனுவில் எழுதிக்கொண்டு வன இலாகா ஆபீஸ் படியேறினார். மாப்பிள்ளையும் கூடவே போனான். பிறகு ஊழியர்கள் வந்து பாம்பை எடுத்துப் போனார்கள். மனுவின் பேரில் அவரை விசாரித்தார்கள். ஒளிக்காமல் பதில் சொன்னார். பெட்டி மூடும்போது அந்த மனிதர் கண்கலங்கினார் என்று மாப்பிள்ளை சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரளயம் வடிந்த பின் மதுரையின் எல்லை தெரியாமல் பாண்டியன் திகைத்தபோது, ஈசன் கையிலிருந்த பாம்பு தன் வாலை வாயில் கவ்வி நகரைச் சுற்றி எல்லை காட்டியதாம். அதனால்தான் நம் ஊருக்கு ஆலவாய் என்று பெயர். எது நம் வீட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்ற எல்லையை எனக்குக் காட்டவும் ஒரு பாம்புதான் வரவேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை பாம்பு வேண்டும் என்று அடம் பிடித்தால், கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். வரைந்த பாம்பு இப்போது எங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மாட்டியது யார் என்கிறீர்கள்? அக்காவேதான்!